காற்று இறங்கும் இடம்

கனிஷ்காவின் கணவன் முகிலரசன் இறந்த அன்று கழிமுனைப்பட்டினத்தில் ஒரு முருங்கைக் கிளைகூட ஒடியவில்லை. அன்றைக்கு வந்தது சாதாரணப் புயல் அல்ல. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் மொட்டைமாடியில் நின்று, தலைக்கு மேலே மேகம் தறிகெட்டு ஓடுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில், ஊருக்கு மேற்கே பதினோரு கிலோமீட்டர் தள்ளி, முல்லைத்திடல் குடியிருப்பில் முகிலரசன் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கூரை கயிற்றோடு பறந்தது. வீட்டுச் சுவர் அவன் மேல் சாய்ந்தது.

கெட்ட நேரம் என்றார்கள். கனிஷ்காவும் இரண்டு வருடம் அப்படித்தான் நம்பினாள்.

கழிமுனைப்பட்டினத்தைக் காப்பாற்றியது கடற்கரையில் நிற்கும் சுவர். அதற்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, சல்லடை என்பார்கள். இரண்டு கிலோமீட்டர் நீளம், பத்து மாடி உயரம், கடலைப் பார்த்து வயிறு தள்ளினாற்போல் வளைந்த முகம். அந்த முகம் முழுக்க ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள், கோடிக்கணக்கில். சுவருக்குள்ளே உறிஞ்சும் மோட்டார்கள் வரிசையாக இருந்தன. புயல் நாளில் அவற்றை ஓட்டினால், கடலிலிருந்து வரும் காற்று சுவரில் மோதிச் சிதறாது. அதன் முகத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஏறி, ஊரைத் தாண்டிப் போய்விடும்.

அந்தச் சுவர் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு மீனவர் குப்பம் இருந்தது. அங்கிருந்த நானூற்றுப் பதினேழு குடும்பங்களுக்கும் முல்லைத்திடலில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆண்கள் விடியுமுன் பஸ் பிடித்து வந்து கடலுக்குப் போனார்கள். சிலருக்குச் சுவரிலேயே வேலை கிடைத்தது. உப்புக் காற்றில் துளைகள் அடைத்துக்கொண்டே இருக்கும். சுவரின் உச்சியிலிருந்து இரும்புத் தொட்டிலில் இறங்கி, நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அவற்றைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். வேலை செய்பவர்கள் துளை என்று சொல்ல மாட்டார்கள். சல்லடைக்கு இருப்பதுபோல் கண் என்பார்கள். கண் அடைச்சிருக்கு, கண்ணைத் திறக்கணும். சுவரின் நடுப்பகுதிக்கு எட்டுப் பேர். எல்லோரும் முல்லைத்திடல். அவர்களுக்குத் தலைவி கனிஷ்கா. வயது நாற்பத்து மூன்று. முகிலரசனின் தம்பி சஞ்சீவியும் அந்த எட்டில் ஒருவன்.

முகிலரசன் போன பிறகு இன்னொரு புயலும் வந்தது. அப்போதும் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் முல்லைத்திடலில் பள்ளிக்கூடத்துக் கூரையும் பன்னிரண்டு வீடுகளும் போயின. அது உள்ளூரில் எழுந்த சுழல் என்று அறிக்கை சொன்னது. கனிஷ்காவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு முறையும் அதே இடத்தில் எப்படி எழும்?

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை, சுவரின் கட்டுப்பாட்டு அறைக்கு அளவுகளைச் சொல்லப் போனவள் திரும்பாமல் நின்றாள். அங்கே பொறியாளர் ரியாஸ்தீன் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். வேலைக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்கும் பழக்கமுள்ளவன்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"காத்த மேல ஏத்தி வுடுறோம்ல. அது எங்க போவுது?"

ரியாஸ்தீன் சிரித்தான். டீ இருந்த பாத்திரத்தை டம்ளரில் மெதுவாகச் சாய்த்தான். டீ டம்ளரில் விழாமல் பாத்திரத்தின் அடிப்பக்கமாக வழிந்து மேசையில் சொட்டியது.

"பாத்தீங்களா? ஒட்டிக்கிட்டே வழியுது. வளைவா ஒரு பரப்பு கெடச்சா காத்தும் அப்படித்தான் ஒட்டிக்கிட்டுப் போவப் பாக்கும். ஆனா சுவத்த உரசிக்கிட்டு வர்ற காத்து வேகம் கொறஞ்சு அங்கயே தேங்கிடும். தேங்குனா பின்னாடி வர்றது முட்டிப் பிச்சுக்கிட்டுச் செதறும். அந்தத் தேங்குற காத்த மட்டும் நம்ம கண்ணு உறிஞ்சி எடுத்துடுது. அதனால..."

"அது தெரியும் சார். எட்டு வருசமா கண்ணு தொறக்குறேன். நான் கேக்குறது வேற. ஏறுனது எறங்குமா, எறங்காதா?"

ரியாஸ்தீன் மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தான். எடுத்தவன் துடைக்கவில்லை.

"எறங்கும்."

"எங்க?"

"பாத்துச் சொல்றேங்கக்கா" என்றான்.

அவன் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் முன்பு, சுவர் காகிதத்தில் மட்டும் இருந்த காலத்தில், பயிற்சிப் பொறியாளனாக அந்தக் கணக்கைப் போட்டவனே அவன்தான். மேலே ஏறிய காற்று எங்கே தரை தொடும், எவ்வளவு வேகத்தில் தொடும் என்று மூன்று மாதம் கணக்கிட்டான். உறிஞ்சும் பலத்தை மாற்றினால் இறங்கும் இடம் முன்னே பின்னே நகரும். மக்கள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்து என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அவன் தேடித் தேடி ஒரு புறம்போக்குத் திடலைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் முட்டை வடிவத்தில் கோடு போட்டு, உள்ளே எழுதினான்: தரிசு. ஆள் இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு அவனை மோட்டார் பிரிவுக்கு மாற்றினார்கள். சுவர் உறிஞ்சும் பலமும் அவன் சொன்ன எண்ணிலேயே நிறுத்தப்பட்டது.

அன்று மதியம் பழைய கோப்பைத் திறந்து, அந்த வரைபடத்தின் மேல் இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தான். முட்டைக்குள் முழு முல்லைத்திடலும் இருந்தது. பள்ளிக்கூடம்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

தலைமைப் பொறியாளர் கௌசல்யா இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். இரண்டு வரைபடங்களையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நீ எழுதுனது தப்பில்ல ரியாஸ். அன்னைக்கி அங்க யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி மேடம் அங்க போயி..."

"சுவர் நம்ம ஆபீஸு. நிலம் இன்னொரு ஆபீஸு. நானூறு குடும்பத்துக்குக் காலி எடம் வேணும்னு அவங்க தேடியிருப்பாங்க. காலி எடம்னு யாரோ தெளிவா எழுதி வச்ச வரைபடம் ஒண்ணு கைக்குக் கெடச்சிருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "போன வருசம்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. அறிக்கையில சுழல்னு எழுதச் சொன்னதும் நான்தான்."

ரியாஸ்தீனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தான்.

"எறங்குற எடத்த நகத்த முடியாது, சுத்தி எங்கயும் இப்ப வீடுங்க. உறிஞ்சுற பலத்தக் கொறைக்கலாம் மேடம். பாதி பலத்துல ஓட்டுனா காத்து கொஞ்சம் இங்கயே செதறிடும். ஊருக்கும் அடிக்கும். ஆனா அங்க அவ்வளவு மூர்க்கமா விழாது. இங்க எல்லாம் கான்கிரீட் வீடு, தாங்கும்."

"தாங்காத வீடு எத்தன இருக்கு? தெரியுமா? ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, வயசானவங்க. எண்பதாயிரம் பேரு." ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார். "எத்தன பேரு செத்தாப் பரவாயில்லன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடு. நான் கொண்டு போயி மேல குடுக்கறேன்."

ரியாஸ்தீன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பேனாவைத் தொடவில்லை.

"ஒரு வருசமா என்னாலயும் முடியல" என்றார் கௌசல்யா. "ஒண்ணு செய்யலாம். இந்தத் தடவ புயல்னா முன்னாடியே பஸ் அனுப்பி அவங்கள வெளியேத்தணும்னு கலெக்டருக்கு எழுதறேன். கண்டிப்பா எழுதறேன்."

எழுதவும் செய்தார். ஆனால் முல்லைத்திடலுக்கு இதுவரை எந்தப் புயலுக்கும் பஸ் வந்ததில்லை.

மூன்றாம் நாள் ரியாஸ்தீன் சுவரின் உச்சிக்கு ஏறிப் போனான். கனிஷ்கா தொட்டிலின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வரைபடத்தில் தான் எழுதிய வார்த்தைகளையும் மறைக்கவில்லை.

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். கடைசியில் கேட்டாள்: "அப்ப எம் புருசன் மேல வுழுந்தது நான் தொறந்த கண்ணு வழியாப் போன காத்தா?"

"அக்கா, அப்படி இல்ல..."

"வேற எப்படி சார்?"

அவள் கயிற்றை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சரிபார்த்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேரும் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கனிஷ்கா விஷயத்தைச் சொன்னாள். யாரும் சோற்றைத் தொடவில்லை. சஞ்சீவிதான் முதலில் பேசினான்.

"அண்ணி, பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். நடுவுல எரநூறு மீட்டர் கண்ணத் தொறக்காம வுட்டுடுவோம். உப்பு தானா அடைச்சுக்கும்."

"ஊருக்குள்ள அடிக்கும்டா."

"அடிக்கட்டும். யாரையும் கொல்லச் சொல்லல. அவங்களுக்கும் நாலு மரம் வுழட்டும், நாலு போர்டு பறக்கட்டும். வர்ற காத்த எல்லாருமாப் பங்கு போட்டுக்குவோம். நம்ம மட்டும் ஏன் மொத்தமா வாங்கணும்?"

ஆரோக்கிய ரூபன் என்கிற இளைஞன் மட்டும் தயங்கினான். அவன் தங்கை ஊருக்குள் வேலை பார்க்கிறாள். ஆனால் அவன் தாய் முல்லைத்திடலில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் தலையாட்டினான். எல்லோரும் கனிஷ்காவைப் பார்த்தார்கள்.

"சரி" என்றாள்.

அவள் குரூரமானவள் இல்லை. சஞ்சீவியின் கணக்கு நியாயமாகவே பட்டது அவளுக்கு. மூன்று வாரம் அந்த இருநூறு மீட்டரில் தொட்டில் இறங்கவில்லை. வெயிலில் பார்த்தால் சுவரின் நடுவில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இழுவை காட்டும் முள் இறங்கியது. ரியாஸ்தீன் அவளைக் கூப்பிட்டான்.

"நடுவுல இழுவை கொறையுதுக்கா."

"உப்பு சார். ஐப்பசில அப்படித்தான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரியாஸ்தீன் பதிவேட்டில் 'உப்பு' என்று எழுதினான். வேறு ஒன்றும் எழுதவில்லை.

அன்று மாலை கனிஷ்கா சஞ்சீவியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். முகிலரசன் போன பிறகு அவளுக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான். சஞ்சீவியின் மனைவி தீக்‌ஷனா அவளை எதிர்பார்த்தே உலை வைப்பாள். அவர்களுக்கு ஏழு வயதில் மிருதுளா என்று ஒரு மகள்.

"வங்கக் கடல்ல ஏதோ சுத்திக்கிட்டு இருக்குதாமே அக்கா. மறுபடி இங்கதான் வந்து வுழுமோ" என்றாள் தீக்‌ஷனா.

"இந்த வாட்டி நம்ம பக்கம் வராது. நிம்மதியா இரு."

"நெஜமாவா?"

"நான் சொல்றேன்ல."

தீக்‌ஷனா அதற்குப் பிறகு புயல் பற்றிக் கேட்கவேயில்லை.

நவம்பர் பதினெட்டாம் தேதி கரையைக் கடக்கும் என்றார்கள். மாலை நான்கு மணி. விடியுமுன்பே கனிஷ்கா கடமைக்காகச் சுவருக்கு வந்துவிட்டாள். குழுவில் மற்றவர்களுக்கு விடுமுறை. ஒன்பதரைக்கு ரியாஸ்தீன் சுவரின் உச்சிக்கு ஓடி வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான்.

"அக்கா, முல்லைத்திடலுக்கு பஸ் போயிருக்கு, தெரியுமா?"

"பஸ்ஸா? எப்ப?"

"விடிஞ்சதும். மேடம் எழுதுனதுக்கு நேத்து உத்தரவு வந்திருக்கு. முப்பது பஸ்ஸு. எல்லாரையும் ஏத்திட்டாங்க. மேக்க ஒரு ஸ்கூல்ல வைக்கிறதா இருந்துச்சு. அங்க தண்ணி ஏறிடுச்சாம். காலையில எடத்த மாத்திட்டாங்க." மூச்சு வாங்கினான். "நம்ம பெண்கள் காலேஜ். சுவத்துக்கு நேர் பின்னாடி. அதவிடப் பாதுகாப்பான எடம் இல்லைன்னு."

கனிஷ்கா சுவரின் உள்பக்கக் கைப்பிடிக்கு ஓடினாள். கீழே, சரியாக நடுப்பகுதிக்குப் பின்னால், கல்லூரியின் வாசலில் பஸ்கள் நின்றன. மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரை நடையை வைத்தே அடையாளம் தெரிந்தது.

"பங்கு போட்டுக்கும்ல சார்? கொஞ்சமாத்தானே வுழும்?"

"சின்னப் புயலா இருந்தாப் போட்டுக்கும். இது நூத்தி எழுபதுல வருது. ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். ரெண்டு பக்கமும் காத்து ஒட்டிக்கிட்டு ஏறும். நடுவுல மட்டும் பிச்சுக்கிட்டு உள்ள வுழும். மொத்தமும் ஒரே எடத்துல. அந்தக் காலேஜ் மேல."

"மோட்டார் எல்லாத்தயும் நிறுத்திட்டா?"

"அப்ப மொத்தச் சுவத்துலயும் பிச்சுக்கும். ஊரு முழுக்கச் சுழல்ல மாட்டும். பாதி பலத்துல வச்சாலும் இந்த வேகத்துக்கு அதேதான். சுவரே இல்லன்னாக்கூடத் தேவல, இருந்தும் இழுக்காம நின்னா அதவிட மோசம்."

ஒரே வழிதான் இருந்தது. அடைத்த கண்களைத் திறந்து, சுவரை முழுப் பலத்தில் ஓட்டி, காற்றை ஆளில்லாத முல்லைத்திடலில் கொண்டுபோய் இறக்குவது.

கனிஷ்கா கல்லூரிக்கு ஓடினாள். கூட்டத்தில் தன் குழுவைத் தேடினாள். ரூபன் இருந்தான், தாயோடு. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். சஞ்சீவி இல்லை. மற்ற மூவரும் இல்லை.

"சஞ்சீவி எங்கடா?"

ரூபன் தலையைக் குனிந்தான். "பஸ்ஸுல ஏற மாட்டேன்னுட்டாருக்கா. 'கண்ணு அடைச்சுக் கெடக்கு, காத்து இங்க வராது, எதுக்கு வூட்ட வுட்டுட்டு ஊருக்குப் போயி அடி வாங்கணும்'னாரு. விசயம் தெரிஞ்ச நம்ம ஆளுங்கள்ல அவரோட சேத்து நாலு வூட்டுக்காரங்க தங்கிட்டாங்க. நானும் இருந்திருப்பேன், அம்மாதான் இழுத்துக்கிட்டு வந்துச்சு."

சஞ்சீவியின் எண்ணுக்கு அடித்தாள். முல்லைத்திடல் செல்போன் கோபுரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிட்டார்கள். ரியாஸ்தீன் போலீஸ் வயர்லெஸ்ஸில் கெஞ்சி, அந்தப் பக்கம் ரோந்தில் இருந்த ஒரு ஏட்டைப் பிடித்தான். நாலு வீட்டையும் உடனே காலி செய்யச் சொல்லுங்கள், சுவரிலிருந்து கனிஷ்கா சொன்னதாகச் சொல்லுங்கள் என்றான். ஏட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

கனிஷ்காவும் கல்லூரியில் கிடைத்த நால்வரும் பத்தரைக்குத் தொட்டிலில் இறங்கினார்கள். அதற்குள் காற்று எழும்பிவிட்டது. தொட்டில் சுவரில் மோதி மோதித் திரும்பியது. ரியாஸ்தீன் மோட்டார்களைத் திருப்பி ஓட்டி, உள்ளேயிருந்து காற்றை வெளியே ஊதினான். இவர்கள் வெளியேயிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மூன்று வாரத்து உப்பு பாலாகக் கரைந்து ஓடியது. ரூபனின் மணிக்கட்டு தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி உடைந்தது. அவன் இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டான். அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒன்றரை மணிக்குக் கடைசித் துண்டும் திறந்தது.

கனிஷ்கா கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது வயர்லெஸ் இரைந்துகொண்டிருந்தது. ஏட்டின் குரல்.

"நாலு வூடு, பதினேழு பேரு. வர மாட்டேங்குறாங்க சார். சஞ்சீவின்னு ஒருத்தரு சண்டைக்கே வர்றாரு. 'எங்க அண்ணி எங்கிட்ட வராதுன்னு சொல்லிருக்காங்க, நீங்க அவங்க பேரச் சொல்லி எங்கள ஏமாத்தப் பாக்குறீங்களா'ங்குறாரு. என்னால இனிமே அங்க நிக்க முடியல."

கனிஷ்கா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "சார், நான்தான் கனிஷ்கா. அவங்கிட்டக் குடுங்க. நான் பேசுறேன், குடுங்க சார்."

"ரோட்டுக்கு வந்துட்டேம்மா. பின்னாடி மரம் வுழுந்து கெடக்கு. திரும்பிப் போவ வழியில்ல." பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது.

மூன்று மணிக்கெல்லாம் கடல் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று எழுந்து வந்துகொண்டிருந்தது. பாதி பலத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களை இப்போது முழுதாகத் திறக்க வேண்டும். ரியாஸ்தீன் விசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கை அதன் மேல் இருந்தது.

"என்னால முடியலக்கா. திரும்பவும் அங்கயே... என்னால முடியல."

"காலேஜுல எத்தன பேரு சார்?"

"ஆயிரத்து அறுநூறு."

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். தீக்‌ஷனா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். அடுப்பை மூடி வைத்திருப்பாள். மிருதுளாவைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருப்பாள். இல்லை, பயமே இல்லாமல் இருப்பாள். நான் சொல்லியிருக்கிறேனே.

"போடுங்க" என்றாள்.

அவன் அசையவில்லை. அவள் குனிந்து, அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். சுவர் முழுவதும் உறுமி அடங்கி, பிறகு ஒரே சீராக மூச்சை இழுக்கத் தொடங்கியது.

ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரி மண்டபத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட விரியவில்லை. சல்லடை மூன்றாவது முறையாக ஊரைக் காத்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. முல்லைத்திடலில் நிற்கிற வீடு என்று நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சியது. தங்கியிருந்த பதினேழு பேரில் பதினைந்து பேரை உயிரோடு எடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் மிருதுளா ஒரு கீறல் இல்லாமல் இருந்தாள். கட்டிலின் மேல் விழுந்த சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் தீக்‌ஷனா இருந்தாள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர்.

விசாரணை நடந்தது. ரியாஸ்தீன் தன் பழைய வரைபடத்தைக் கொடுத்தான். நடுப்பகுதி அடைத்திருந்தது தெரிந்தும் பேசாமல் இருந்ததையும் சொன்னான். கனிஷ்கா கண்ணைத் திறக்காமல் விட்டது தன் முடிவு என்றாள். மற்ற எட்டுப் பேரின் பெயரையும் சொல்ல மறுத்தாள். காற்று அங்கே இறங்கும் என்று தெரியுமா என்று கௌசல்யாவைக் கேட்டார்கள். தெரியும் என்றார், அதற்கு மேல் எந்தக் காரணமும் சொல்லவில்லை. மூவருக்கும் வேலை போயிற்று. முல்லைத்திடலை வடக்கே வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவானது. புது வீடுகள் வரும்வரை எல்லோரும் பழைய மீன்பிடித் துறைமுகத்துக் கொட்டகைகளில் இருந்தார்கள். கனிஷ்கா மீன் தரம் பிரிக்கப் போனாள்.

தீக்‌ஷனாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சஞ்சீவி கனிஷ்காவின் கொட்டகைக்கு வந்தான். மொட்டையடித்த தலை. உள்ளே வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணி."

அவள் எழுந்து நின்றாள்.

"நாங்க உள்ள இருக்கோம்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

வயர்லெஸ்ஸில் வந்த கடைசித் தகவலை ரியாஸ்தீன் விசாரணையில் சொல்லியிருக்கவில்லை. அவளுக்காகத்தான் சொல்லாமல் விட்டான். ஏட்டை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், நம்ப விரும்பித்தான் வந்திருந்தான்.

"தெரிஞ்சுதான்."

"நாலு வூட்டுலயும்?"

"பதினேழு பேருன்னு ஏட்டு சொன்னாரு. நீ என்னா சொன்னேன்னும் சொன்னாரு."

சஞ்சீவி கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "தீக்‌ஷனா கெளம்பலாம்னா அண்ணி. அந்த ஏட்டு மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மாதிரித் தெரியலன்னா. நான்தான்... நீங்க சொல்லியிருக்கும்போது மாத்திச் சொல்ல மாட்டீங்கன்னு..."

திரும்பி நடந்தான். கனிஷ்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

ஆறு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை. சுவர் வேலையை விட்டுவிட்டு மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்தான். வரிசைக் கடைசிக் கொட்டகையில் தகப்பனும் மகளும் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் போவான். மிருதுளா மட்டும் தூரத்திலிருந்து பெரியம்மாவைப் பார்ப்பாள். அப்பனைப் பார்ப்பாள். தலையைக் குனிந்துகொள்வாள். கனிஷ்கா இரவில் தனக்கு மட்டும் கொஞ்சமாகச் சோறு வடித்தாள். பாதி நாள் அதுவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அன்று காலை ஏழரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் சஞ்சீவி. மிருதுளாவைக் கையில் பிடித்திருந்தான். அவள் முதுகில் பை, தலை பின்னாமல் விரிந்து கிடந்தது.

"படகு கெளம்புது" என்றான், கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு. "இவளுக்கு எட்டே காலுக்கு பஸ்ஸு."

கனிஷ்கா வழி விட்டாள். குழந்தை உள்ளே வந்து, பையைக் கழற்றிவிட்டு, ரப்பர் பேண்டுகளை நீட்டியபடி அவள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"ரெட்ட ஜடை போடணும் பெரியம்மா. இல்லன்னா ஸ்கூல்ல திட்டுவாங்க. அப்பாவுக்கு ஒத்த ஜடைதான் தெரியும், அதுவும் அவுந்துடும்."

கனிஷ்காவுக்குப் பிள்ளை இல்லை. யாருக்கும் அவள் தலை பின்னிவிட்டதில்லை. சீப்பை எடுத்து வகிடு பிரித்தாள். கோணலாக வந்தது. ஒரு பக்கம் பின்னி முடித்துப் பார்த்தால் காதுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா இன்னும் கீழ போடுவாங்க" என்றாள் குழந்தை.

கனிஷ்கா ஜடையை அவிழ்த்துவிட்டு மறுபடி வகிட்டிலிருந்து ஆரம்பித்தாள். படகு கிளம்பிவிடும் என்று சொன்னவன் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.